உதவி: கடத்துநூலில் தைத்த விளக்கில் சிவப்பு எரிகிறது, வெள்ளை எரியவில்லை

ஒட்டுசுட்டான் அம்மா:
என் மகள் ரியூசன் முடிந்து மைம்மல் பொழுதில்தான் சைக்கிளில் திரும்புகிறாள். எங்கள் கிரவல் வீதியில் ஒரு விளக்குக் கம்பம்கூட இல்லை; மணல் ரிப்பர்கள் ஓடுகின்றன. அவளுடைய புத்தகப்பை மூடியில் நடுவில் சிவப்பும் இரு பக்கமும் வெள்ளையுமாக மூன்று எல்.ஈ.டி. தைத்தேன். கம்பிக்குப் பதிலாக மின்னைக் கடத்தும் நூல்; கொழும்பிலிருந்து எடுப்பித்த மூன்றிழைத் துருவேறா உருக்கு நூல். பற்றரி 3 வோல்ற் சீ.ஆர். 2032. மூன்றும் சமாந்தர இணைப்புத்தான். சிவப்பு நன்றாக எரிகிறது. வெள்ளை இரண்டும் மின்மினி அளவுக்குக்கூட இல்லை. தனித்தனியே பற்றரியில் தொட்டால் எரிகின்றன! இரண்டு தடவை பிரித்துத் தைத்துவிட்டேன். எங்கே பிழை?

மாங்குளம் றேடியோ திருத்துநர்:
அக்கா, தையலில் பிழையில்லை, நிறத்தில்தான். சிவப்பு எல்.ஈ.டி. 2 வோல்ற் அளவிலேயே எரியும். வெள்ளைக்கு ஏறத்தாழ 3 வேண்டும். இரண்டையும் ஒரே பட்டன் பற்றரியில் கோத்தால் மின்னோட்டத்தைச் சிவப்பே வாரிக்கொள்ளும், வோல்ற்றளவும் இறங்கிவிடும். அதோடு உருக்கு நூல் செப்புக் கம்பி அல்ல. உங்கள் நூல் மீற்றருக்கு 30 ஓம் அளவில் இருக்கும்; மல்ரிமீற்றர் கிடைத்தால் அளந்து பாருங்கள். வெள்ளைக்கு அந்த இழப்பைத் தாங்க இடமில்லை. சிவப்புக்கு 1 வோல்ற் மிச்சம் இருப்பதால் நூலின் தடை அதற்கு நல்லதே. மூன்றையும் சிவப்பாக்குங்கள். பின்னால் வரும் சாரதிக்கும் சிவப்பைக் கண்டால்தான் முன்னே போகும் வண்டி என்று விளங்கும்.

ஒட்டுசுட்டான் அம்மா:
தம்பி, மூன்றும் எரிகின்றன! ஆனால் மூடியை மடித்தால் மூன்றும் ஒன்றாக அணைந்துவிடுகின்றன. பற்றரியும் இலேசாகச் சுடுகிறது.

புதுக்குடியிருப்பு தையல் ஆசிரியை:
தங்கச்சி, பற்றரியை உடனே கழற்றுங்கள். ஒன்று மட்டும் அணைந்தால் முடிச்சுத் தளர்ந்திருக்கும். எல்லாம் ஒன்றாக அணைந்து பற்றரியும் சுட்டால் நேர் (+) நூலும் மறை (−) நூலும் எங்கோ முட்டுகின்றன. உருக்கு நூலை வெட்டிய நுனி சிலும்பி, பூனைமீசை போல நீட்டிக்கொண்டு நிற்கும். மூடியின் உட்புறத்தை வெயிலில் பிடித்துப் பாருங்கள். வால்களை ஒட்ட நறுக்கி, முடிச்சின்மேல் நிறமற்ற நகப்பூச்சு ஒரு சொட்டு விடுங்கள். எரிகிறதா என்று பார்த்த பிறகே பூசவேண்டும். முந்திப் பூசினால் பூச்சு தையலுக்குள் இறங்கித் தொடுகையைக் கெடுக்கும். எல்.ஈ.டி. கால்களைக் குறட்டால் வளையமாகச் சுருட்டி, நாலு சுற்று இறுக்கித் தையுங்கள். மடிப்பு விழும் இடத்தில் உள்ளே ஒரு பருத்தித் துண்டும் வையுங்கள்.

ஒட்டுசுட்டான் அம்மா:
ரீச்சர், பூனைமீசையேதான். நடு விளக்கின் மறைக் காலில் விட்ட அரை அங்குல வால், மடிக்கும்போதெல்லாம் நேர் நூலில் போய் விழுந்திருக்கிறது. நறுக்கிவிட்டேன். நேற்று இரவு நான் படலையில் நின்றுகொண்டு மகளை முடக்கு வரை நடக்கவிட்டேன். மூன்று புள்ளியும் கடைசிவரை தெரிந்தன. மாரியில் பை நனைந்தால் என்ன செய்வது?

மாங்குளம் றேடியோ திருத்துநர்:
நனைந்த துணியிலும் கொஞ்சம் மின் கசியும். பற்றரியைக் கழற்றி, பையை நிழலில் உலர்த்துங்கள். நூல் எளிதில் துருப்பிடிக்காது. பற்றரிக் கூட்டைத்தான் துடைக்கவேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் கழற்றிய பற்றரியை எட்டாத உயரத்தில் வையுங்கள் அக்கா. விழுங்கினால் இரண்டு மணித்தியாலத்துக்குள்ளேயே உணவுக்குழாயை அரித்துவிடும்.