செவிலியர் உதவியாளர் சான்றிதழ் இருந்தும் முதல் வேலை அமையவில்லை (டெக்சாஸ்)

கேள்வி:
வணக்கம். டல்லஸ் அருகே வசிக்கிறேன்; வேலை அனுமதி உண்டு. டெக்சாஸ் மாநிலம் கேட்கும் 100 மணி நேரப் பயிற்சியை (வகுப்பில் 60, நோயாளிகளிடம் 40) முடித்து, எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தேறி, செவிலியர் உதவியாளர் பதிவேட்டில் என் பெயரும் ஏறிவிட்டது. ஆனால் மருத்துவமனைகளில் பேஷண்ட் கேர் டெக்னீஷியன் (செவிலியருக்குத் துணையாக நோயாளிகளைக் கவனிப்பவர்) பணிக்கு இணையத்தில் விண்ணப்பித்தால், ஓராண்டு அனுபவம் இல்லை என்ற காரணத்தால் நேர்காணல் வரைகூட ஒன்றும் போவதில்லை. இரத்தம் எடுக்கும் பயிற்சியையும் பணம் கட்டிப் படித்தால் வழி பிறக்குமா? நான் வணிகவியல் படித்தவள். பக்கவாதத்தில் படுத்திருந்த மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதைத் தவிர இத்துறையில் வேறு பழக்கம் கிடையாது.

பதில் 1 (செவிலியர், ஹூஸ்டன்):
சகோதரி, இன்னொரு படிப்புக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். இரத்தம் எடுப்பதையும் ஈசிஜி எடுப்பதையும் பல மருத்துவமனைகள் பணியில் சேர்ந்த பிறகு தாங்களே கற்றுத்தருகின்றன. உங்களுக்கு இப்போது வேண்டியது அனுபவம். அது எளிதில் கிடைக்கும் இடம் முதியோர் பராமரிப்பு இல்லம். இணையத்தில் விண்ணப்பித்துவிட்டுக் காத்திராமல், சான்றிதழ், பிஎல்எஸ் (அடிப்படை உயிர்காக்கும் முதலுதவிப் பயிற்சி) அட்டை, காசநோய்ப் பரிசோதனை முடிவு, தடுப்பூசி விவரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்துக்கொண்டு நேரில் சென்று, நர்சிங் டைரக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். இரவுப் பணிக்கும் வார இறுதிக்கும் தயார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், ஏனெனில் அவர்களுக்கு ஆள் கிடைக்காத நேரம் அதுதான்.

இன்னொன்று. பயிற்சி முடிந்த 12 மாதங்களுக்குள் மெடிகேர் அல்லது மெடிகெய்ட் (முதியோருக்கும் வருமானம் குறைந்தோருக்குமான அரசு மருத்துவக் காப்பீடுகள்) ஏற்கும் இல்லத்தில் சேர்ந்தால், நீங்கள் கட்டிய பயிற்சிக் கட்டணத்தைத் திரும்பப் பெற மத்திய அரசு விதியில் இடமுண்டு, கேட்காமல் விட்டுவிடாதீர்கள். சம்பளத்துக்கு வேலை செய்யாமல் தொடர்ந்து 24 மாதங்கள் கழிந்தால் மறுபடியும் பயிற்சியோ தேர்வோ தேவைப்படும் என்பதால், மருத்துவமனைக்காக மட்டும் காத்திருப்பது நல்லதல்ல.

பதில் 2 (பேஷண்ட் கேர் டெக்னீஷியன், ஆஸ்டின்):
மாமியாரைப் பார்த்துக்கொண்டதை அவ்வளவு சிறிதாக எண்ணாதீர்கள். சுயவிவரத்தில் ‘குடும்பப் பராமரிப்பு’ என்று தலைப்பிட்டு, செய்த வேலைகளைத் தனித்தனியாக எழுதுங்கள்: படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்தது, உணவு ஊட்டியது, இரத்த அழுத்தம் குறித்துவைத்தது. 40 மணி நேர நேரடிப் பயிற்சியையும் அதே போல எழுதுங்கள். நேர்காணலில், ஒரு பக்கம் செயலிழந்தவரைச் சக்கர நாற்காலிக்கு எப்படி மாற்றுவீர்கள் என்று கேட்பதுண்டு. நாற்காலியை அவருடைய வலுவான பக்கத்தில் நிறுத்தி, சக்கரங்களைப் பூட்டி, இடுப்பில் கெய்ட் பெல்ட் (பிடித்து எழுப்ப உதவும் பட்டை) கட்டி, செய்யப்போவதை அவரிடம் சொன்ன பிறகே எழுப்புவேன் என்று வரிசையாகச் சொல்லுங்கள். விழுந்துவிட்டவரைத் தனியாகத் தூக்கமாட்டேன், அருகிலேயே இருந்து செவிலியரை அழைப்பேன் என்பதும் அவர்கள் எதிர்பார்க்கும் பதில்.

கேட்டவர்:
இருவருக்கும் மிக்க நன்றி. பராமரிப்பு இல்லங்களில் வேலைப்பளு முதுகை ஒடித்துவிடும் என்று தெரிந்தவர்கள் பயமுறுத்துகிறார்களே, அது உண்மையா?

பதில் 1:
கடினமான வேலைதான், மறைக்கமாட்டேன். ஆகவே சேருமுன் மூன்றைக் கேளுங்கள்: ஒரு பணிநேரத்தில் ஓர் உதவியாளர் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்ள வேண்டும், தூக்கும் இயந்திரம் ஒவ்வொரு தளத்திலும் உண்டா, தனியே விடுமுன் எத்தனை நாள் மூத்த உதவியாளருடன் நிற்கவைப்பார்கள். மூன்றாவதற்குத் தெளிவான பதில் தராத இல்லத்தைத் தவிர்த்துவிட்டு அடுத்த இல்லத்துக்குப் போங்கள்.