பழைய 800 கார், சூடா இருக்கும்போது மட்டும் செல்ஃப் எடுக்க மாட்டேங்குது – வழி சொல்லுங்க

கரூர்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். எங்க வீட்டு வண்டி மாருதி 800, 2006 மாடல், எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாம இன்ஜெக்டர்ல பெட்ரோல் தெளிக்கிற வகை), பெட்ரோல் மட்டும்தான், கேஸ் கிட் கிடையாது. அப்பா ஆசையா வாங்கினது, ஆர்.சி. 5 வருஷத்துக்கு ரினியூவல் பண்ணி வச்சிருக்கோம், அதனால ‘வித்துட்டு வேற வாங்குங்க’ன்னு மட்டும் யாரும் ஆரம்பிக்காதீங்க ப்ளீஸ்.

பிரச்சனை என்னன்னா காலைல முதல் சாவிக்கே ஸ்டார்ட் ஆயிடுது, ஆனா ஒரு முப்பது கிலோமீட்டர் ஓட்டிட்டு பங்க்லயோ டீக்கடையிலயோ ஆஃப் பண்ணிட்டு திரும்ப சாவி போட்டா செல்ஃப் (இன்ஜின சுத்திவிடுற ஸ்டார்ட்டர் மோட்டார்) சுத்தவே மாட்டேங்குது, டேஷ்போர்டு லைட் எல்லாம் பளிச்சுனு எரியுது, சில நேரம் ‘டக்’னு ஒரே ஒரு சத்தம் வருது, சில நேரம் அதுவும் இல்ல. திரும்பத் திரும்ப சாவிய திருப்பிக்கிட்டே இருந்தா ஒரு கட்டத்துல பிடிச்சுக்கும். இல்லன்னா அரை மணி நேரம் ஆறவிட்டா ஒண்ணுமே நடக்காத மாதிரி சுத்தும். தள்ளிவிட்டு ரெண்டாவது கியர்ல கிளட்ச் விட்டா உடனே ஸ்டார்ட்.

பேட்டரி கடையில காட்டினேன், பேட்டரி வீக்குன்னு புதுசு மாத்திவிட்டாங்க, ஒரு மாற்றமும் இல்ல. அப்புறம் ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் செல்ஃப்ல இருக்கிற சின்ன வயர கழட்டி டெஸ்ட் லேம்ப் வச்சுப் பார்த்தாரு, பல்பு நல்லா எரிஞ்சுது, ‘கரன்ட் கரெக்டா வருது, செல்ஃப்தான் போச்சு, அசெம்பிளியா மாத்திடுங்க’ன்னு சொல்லிட்டாரு. மறுபடி காசு இறக்குறதுக்கு முன்னாடி இங்க ஒரு தடவ கேட்டுக்கலாம்னுதான்.

சாலைப்பூச்சி:
ப்ரோ சூடானா மட்டும் ஸ்டார்ட் ஆகலன்னா கண்ணை மூடிக்கிட்டு கிராங்க் சென்சார் மாத்துங்க, என் வண்டியில அதேதான், ஆறினா சரியாயிடும், சூடானா செத்துடும். இல்லன்னா ஃப்யூயல் பம்ப் ரிலே.

பட்டறை_அண்ணன்:
தம்பி சாலைப்பூச்சி, அவர் எழுதினத இன்னொரு தடவ படிங்க. செல்ஃபே சுத்தலங்கிறாரு. கிராங்க் சென்சார், பம்ப், பிளக், காயில் இதெல்லாம் செல்ஃப் நல்லா சுத்தி இன்ஜின் மட்டும் பிடிக்காம ‘குரு குரு’ன்னு கிடக்கும்போது பார்க்க வேண்டியது. செல்ஃபே சுத்தலன்னா பேட்டரி, எர்த், சாவி சுவிட்ச், அங்கேர்ந்து செல்ஃபுக்கு போற வயர், சொலினாய்டு (செல்ஃப் மேலயே இருக்கிற காந்த சுவிட்ச்), மோட்டார், இந்த ரூட்ல மட்டும்தான் தேடணும். தள்ளினா உடனே ஸ்டார்ட் ஆகுதுன்னு அவரே சொல்லிட்டாரே, பெட்ரோலும் ஸ்பார்க்கும் சரியா இருக்குன்னு அதுலயே தெரிஞ்சுபோச்சு.

கரூர் தம்பி, சத்தத்த வச்சே பாதி கண்டுபிடிச்சிடலாம். ‘கட கட கட’ன்னு அடிச்சுக்கிட்டா பேட்டரி இறங்கியிருக்கு இல்ல டெர்மினல் லூஸ். சத்தமே இல்லன்னா சாவியிலேர்ந்து கரன்ட் போய்ச் சேரலன்னு சந்தேகப்படணும். ஒரே ஒரு ‘டக்’ வந்து நின்னா பெரும்பாலும் சொலினாய்டு இழுத்துடுச்சு, உள்ள செம்பு கான்டாக்ட் தேஞ்சோ மோட்டாரோட கார்பன் பிரஷ் தேஞ்சோ மோட்டார் சுத்தல. உங்களுக்கு ரெண்டும் மாறி மாறி வருது பாருங்க, அதான் எனக்கு இடிக்குது. மாட்டிக்கும்போது ஹெட்லைட்ட போட்டுட்டு சாவி திருப்புங்க, லைட் மங்குதா அப்படியே நிக்குதா?

அப்புறம் எர்த் பாருங்க. பழைய வண்டியில பேட்டரி மைனஸ்லேர்ந்து பாடிக்கும் கியர்பாக்ஸுக்கும் போற பட்டை வயர் போல்ட்டுக்கு அடியில பச்சையா பூத்துக் கிடக்கும், வெளிய பார்த்தா நல்லாத்தான் தெரியும். கழட்டி உப்புத்தாள் போட்டு தேச்சு இறுக்கிட்டு மீட்டர் வச்சுப் பாருங்க. வண்டி நிக்கும்போது 12.6 வோல்ட் இருக்கணும், செல்ஃப் சுத்தும்போது 9.6க்கு கீழ போகக்கூடாது. சுத்தும்போதே பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் இரும்புக்கும் நடுவுல வச்சா 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டக்கூடாது.

கரூர்_தம்பி:
ரொம்ப நன்றிண்ணா. பெயின்ட் கடை பையன்கிட்ட உப்புத்தாள் வாங்கி எர்த் ரெண்டு பக்கமும் தேச்சு இறுக்கியாச்சு. பேட்டரி 12.6, சுத்தும்போது 10.4, எர்த் 0.1. எல்லாம் நல்லாத்தான் இருக்கு ஆனா சாயங்காலம் குளித்தலை போயிட்டு வரும்போது மறுபடி படுத்துடுச்சு. ஹெட்லைட் கொஞ்சம்கூட மங்கல, அப்படியே எரியுது.

யாழ்_மைனர்:
தம்பி, ஸ்டார்ட்டர் மோட்டரை மெதுவா ஒரு தட்டுத் தட்டிப் பாத்தனீங்களோ? இஞ்சயும் உந்த 800 கார் நிறைய ஓடுது, கார்பன் தேஞ்சு போனா தட்டினவுடன எடுக்கும். என்ர மொறிஸ் மைனருக்கு உந்தத் தலையிடி ஒண்டும் இல்லை, கைபிடியைப் போட்டுச் சுத்தினா வேலை முடிஞ்சுது, ஆனா அதில பற்றறி பிளஸ்தான் எர்த், தெரியாமப் புதுப் பெடியள் யாரும் மாறிக் கொழுவினாத்தான் பிரச்சினை.

கரூர்_தம்பி:
தட்டிப் பார்த்தேன் ஐயா, ஜாக்கி கம்பியால. ஒரு மாற்றமும் இல்ல.

டீசல்_ராசா:
இதுக்கு ஏன் இவ்ளோ பெரிய ஆராய்ச்சி, பெரிய ஸ்க்ரூட்ரைவர எடுத்து செல்ஃப் பின்னாடி இருக்கிற ரெண்டு பெரிய நட்டையும் சேர்த்து ஷார்ட் பண்ணு, சுத்தினா மோட்டார் நல்லா இருக்கு.

பட்டறை_அண்ணன்:
ராசா, அத பட்டறையில நாங்க பண்றது வேற, ரோட்டுல இவர் தனியா பண்றது வேற. கியர்ல கிடக்கிற வண்டிக்கு முன்னாடி குனிஞ்சு நின்னு பண்ணும்போது ஸ்க்ரூட்ரைவர் தவறி சின்ன டெர்மினல்ல பட்டா வண்டி மேல ஏறிடும், நழுவி பாடியில பட்டா வெல்டிங் ஆயிடும். அதோட பெரிய நட்டு ரெண்டையும் மட்டும் சேர்த்தா பினியன் (இன்ஜின சுத்துற சின்னப் பல்சக்கரம்) முன்னாடி வராது, மோட்டார் சும்மா காத்துல சுத்தும், சொலினாய்டப் பத்தி ஒண்ணும் தெரியாது. வேணாம் தம்பி.

மின்னல்_அக்கா:
தம்பி, உங்க எலெக்ட்ரீஷியன் பண்ணின டெஸ்ட்லதான் எனக்கு சந்தேகமே. வயர கழட்டிட்டு டெஸ்ட் லேம்ப் வச்சாருன்னு எழுதியிருக்கீங்க. அந்த லேம்ப் எடுக்கிறது அரை ஆம்பியர்கூட இருக்காது. சொலினாய்டு உள்ள இழுக்கிற அந்த ஒரு நொடியில இருபது ஆம்பியர் பக்கம் கேக்கும். சாவி சுவிட்ச் உள்ள கான்டாக்ட் கருகிப்போயி ஒரு கால் ஓம் ரெசிஸ்டன்ஸ் வந்திருக்குன்னு வைங்க, லேம்ப்புக்கு அது ஒரு பொருட்டே இல்ல, பளிச்சுனு எரியும், மீட்டர் வச்சாலும் 12 காட்டும். அதுலயே இருபது ஆம்பியர் போகப்பார்த்தா நிறைய வோல்ட் அங்கேயே தின்னுடும், சொலினாய்டுக்கு பத்தாமப் போயிடும். பைப்புல பாதி அடைச்சிருந்தாலும் சொட்டு சொட்டா பிடிச்சா குடம் நிறையத்தான் செய்யும், மோட்டார் போட்டு இழுத்தாதான் வண்டவாளம் தெரியும், அந்த மாதிரி. எப்பவுமே வயர் மாட்டியிருக்கும்போதே, லோடோட அளக்கணும்.

ஏன் சூடானா மட்டும்னு கேப்பீங்க. சொலினாய்டு காயில் செம்பு. செம்பு ஒரு டிகிரி சூடானா ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.4 சதவீதம் ஏறும். இன்ஜின் பக்கத்துலயே உக்காந்திருக்கு, காலைல இருந்ததவிட 60 டிகிரி கூட இருந்தா கிட்டத்தட்ட கால்வாசி ரெசிஸ்டன்ஸ் ஏறிடும், இழுக்கிற கரன்ட் கிட்டத்தட்ட அஞ்சுல ஒரு பங்கு குறையும். நல்ல சப்ளை இருந்தா அதைத் தாங்கிக்கும். ஏற்கனவே பாதி வழியில வோல்ட் தொலைஞ்சு வர்றதால காலைல எப்படியோ இழுத்துடுது, மத்தியானம் தோத்துடுது. ஹெட்லைட் மங்காததும் இதோட ஒத்துப்போகுது, மோட்டாருக்கு கரன்ட் போயிருந்தா லைட் கண்டிப்பா மங்கியிருக்கும்.

விட்டு விட்டு வர்ற கோளாறு பட்டறைக்கு வண்டிய கொண்டுபோனா வராது, அதனால மீட்டர வண்டிக்குள்ள குடியேத்துங்க. செல்ஃப்ல அந்த சின்ன வயர் மாட்டுற டெர்மினல்ல (50ன்னு நம்பர் போட்டிருக்கலாம்) வயர கழட்டாம கூடவே இன்னொரு மெல்லிசு வயர் சேர்த்து, ஆரம்பத்துலயே 1 ஆம்பியர் ஃப்யூஸ் ஒண்ணு போட்டு, சூடான பகுதியில படாம உள்ள இழுத்துட்டு வந்து மீட்டர்ல பிளஸ்ல குடுங்க, மைனஸ பாடியில. எப்ப மாட்டுதோ அப்ப சாவிய திருப்பிப் பிடிச்சுக்கிட்டே நம்பரப் பாருங்க, ரெண்டு மூணு நொடிக்கு மேல பிடிக்காதீங்க. 11 மாதிரி காட்டியும் செல்ஃப் எடுக்கலன்னா எலெக்ட்ரீஷியன் சொன்னது சரி, செல்ஃப கழட்டுங்க. 8க்கு கீழ காட்டினா செல்ஃப் மேல கை வைக்காதீங்க.

சாலைப்பூச்சி:
அக்கா செம. நான் கிராங்க் சென்சார வாபஸ் வாங்கிக்கிறேன் 😄

கரூர்_தம்பி:
அக்கா!!! மாட்டிக்கிச்சு. வெயில்ல திருச்சி ரோட்டுல ஒரு கடையில நிறுத்திட்டு திருப்பினேன், செல்ஃப் எடுக்கல, மீட்டர் 7.1. விட்டு மறுபடி திருப்பினா 6.8, அடுத்தது சுத்தமா 0, சத்தமே இல்ல. கொஞ்ச நேரம் கழிச்சு 9 பக்கம் வந்துச்சு, எடுத்துக்கிச்சு. நான் பாட்டுக்கு மீட்டரப் பார்த்து சிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன், கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தாரு.

மின்னல்_அக்கா:
சூப்பர் தம்பி. அந்த 0தான் முக்கியம், ‘டக்’ வராத நேரத்துக்கு அதான் காரணம். இப்ப ஸ்டியரிங் கீழ கவர கழட்டி, சாவி சுவிட்ச்சுக்கு பேட்டரியிலேர்ந்து வர்ற வயர்லயும், அதுலேர்ந்து செல்ஃபுக்கு போற வயர்லயும் மீட்டரோட ரெண்டு முனையையும் வச்சு, சாவி ஸ்டார்ட் பொசிஷன்ல இருக்கும்போது எவ்ளோ காட்டுதுன்னு பாருங்க. நல்ல சுவிட்ச்ல அரை வோல்ட்கூட காட்டாது. அங்க பெருசா காட்டினா திருடன் அங்கேயேதான். சாக்கெட்ல கலர் மாறியிருக்கான்னும் பாருங்க.

கரூர்_தம்பி:
வேற ஒரு வயரிங்காரர வச்சு கழட்டினோம். சுவிட்ச் ரெண்டு முனைக்கும் நடுவுல 4.3 வோல்ட்! சாக்கெட் வெள்ளை பிளாஸ்டிக், அதுல செல்ஃப் வயர் போற ஓட்டைய சுத்தி மட்டும் பழுப்பு அடிச்சு உருகின மாதிரி இருக்கு, வயர் மேல தோல் முறுக்கு மாதிரி மொறமொறன்னு உடையுது, உள்ள இருக்கிற டெர்மினல் வாய் பிளந்து லொடலொடன்னு ஆடுது. சாவி போடுற லாக்க தொடாம பின்னாடி இருக்கிற சுவிட்ச் மட்டும் தனியா மாத்தலாம்னு சொல்றாரு, பழைய சாவியே வேலை செய்யும்னாரு. கூடவே ரிலே (சின்ன கரன்ட்ட வச்சு பெரிய கரன்ட்ட ஆன் பண்ற சுவிட்ச்) போட்டுக்கலாமான்னு கேக்கறாரு. ரிலே மட்டும் போட்டா போதுமா இல்ல ரெண்டும் பண்ணணுமா?

பட்டறை_அண்ணன்:
ரெண்டும் பண்ணிடுங்க தம்பி. ரிலே மட்டும் போட்டாலும் வண்டி எடுத்துக்கும், ஏன்னா ரிலே காயிலுக்கு அரைக்கால் ஆம்பியர்தான் வேணும், கருகின சுவிட்ச்கூட அதைக் குடுத்துடும். ஆனா அந்த உருகின சாக்கெட்ட உள்ள விட்டு வைக்கக்கூடாது, இக்னிஷனும் அது வழியாத்தான் போகுது, ரோட்டுல ஓடும்போது ஆஃப் ஆனா என்ன பண்ணுவீங்க. சாக்கெட்டையும் வெட்டிட்டு புதுசு போடச் சொல்லுங்க, டேப் சுத்தி விட்டுடப் போறாங்க.

மின்னல்_அக்கா:
அண்ணன் சொன்னதேதான். ரிலே சாதாரண நாலு கால், 12 வோல்ட் 40 ஆம்பியர், ஒவ்வொரு கால்லயும் நம்பர் போட்டிருக்கும். சாவியிலேர்ந்து வர்ற பழைய செல்ஃப் வயர் 86க்கு, 85 எர்த்துக்கு, 30க்கு பேட்டரி பிளஸ்லேர்ந்து நேரா 30 ஆம்பியர் ஃப்யூஸ் வழியா, 87லேர்ந்து செல்ஃப் 50க்கு. 30, 87 ரெண்டுக்கும் 4 ஸ்கொயர் எம்.எம். வயர் போடுங்க, வீட்டு வயரிங் கட்டை வயர் வேணாம், அதிர்வுல முறிஞ்சுடும், வண்டிக்கு உள்ளது மெல்லிசு இழை நிறைய இருக்கிற வயர்தான். ஃப்யூஸ் பேட்டரிக்கு எவ்ளோ பக்கத்துல முடியுமோ அவ்ளோ பக்கத்துல.

கரூர்_தம்பி:
சுவிட்ச், சாக்கெட், ரிலே எல்லாம் போட்டாச்சு. இன்னைக்கு மத்தியானம் வேணும்னே நல்லா ஓட்டி சூடாக்கிட்டு ஆஃப் பண்ணிட்டு உடனே திருப்பினேன், சாவி தொட்டதும் எடுக்குது, 50ல மீட்டர் 10க்கு மேல. பழைய செல்ஃபேதான் இன்னும் ஓடுது. ரெண்டு பேருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி, ஐயாவுக்கும்.

யாழ்_மைனர்:
சந்தோசம் தம்பி. அக்கா, ஒரு கேள்வி, ரிலேயை எஞ்சினுக்குப் பக்கத்தில பூட்டினா மழைத் தண்ணி போகாதோ? இஞ்ச ஒரு பெடியனுக்கும் உதே வேலை செய்ய வேண்டிக் கிடக்கு.

மின்னல்_அக்கா:
போகும் ஐயா. கால் கீழ பார்க்கிற மாதிரி மாட்டுங்க, அப்ப தண்ணி உள்ள நிக்காது. சக்கரத்துலேர்ந்து தெறிக்காத உயரத்துல, ரேடியேட்டர் சூடு நேரா அடிக்காத பக்கமா பார்த்து வைங்க. பெடியன்கிட்ட முதல்ல அளந்து பார்க்கச் சொல்லுங்க, அவருக்கு வேற இடத்துலயும் இருக்கலாம்.