நாலு பென்ஸ் படுக்கை: விக்டோரியா காலத்து லண்டன் கூலியாட்களின் விடுதி வாழ்க்கை

மலிவு விடுதி என்றதும் எல்லாரும் படுக்கையைப் பற்றித்தான் பேசுகிறோம். இரவுக்கு 4 பென்ஸ் (பென்னி என்ற பிரிட்டிஷ் சில்லறைக் காசின் பன்மை) கொடுத்தவருக்குப் படுக்கையைவிடப் பெரிய லாபம் கீழே இருந்த பொதுச் சமையலறை. பெரும்பாலும் நிலவறையில் இருக்கும். கோக் கரி போட்ட பெரிய அடுப்பு விடியற்காலையில் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் எரியும். வெந்நீரும் வாணலியும் விடுதியுடையவை. வேகவைக்க வேண்டியதை அவரவர் வாங்கி வரவேண்டும். தேயிலையும் சர்க்கரையும் அரைப் பென்னிக்குக் காகிதப் பொட்டலமாகப் பக்கத்துக் கடையிலேயே கிடைக்கும். புகையூட்டிய ஹெர்ரிங் மீனை நீளக் கம்பியில் குத்தி நெருப்பில் காட்டினால் எண்ணெய்ச் செலவும் இல்லை. மழையில் நனைந்த கோட்டு காய்வதும் அதே நெருப்பில்தான். மீன் வாடை, ஈரத்துணி வாடை, புகையிலை எல்லாம் ஒன்றாகக் கலந்த இடம்.

வேலை கிடைக்காத நாளில் பகலெல்லாம் அங்கே உட்காரலாம், ராத்திரிக் காசு வந்துவிடும் என்று டெபுடி நம்பும்வரை. டெபுடி என்றால் முதலாளிக்குப் பதிலாக விடுதியை நடத்துபவர். படியேறுமுன் அவரிடம் காசு வைத்தாக வேண்டும். இல்லையென்றால் எந்த நேரமானாலும் தெருதான். 1888 ஆகஸ்ட் 31 அதிகாலை கிழக்கு லண்டன் வைட்சேப்பலில் கொலையுண்ட மேரி ஆன் நிக்கல்ஸ், த்ரால் தெரு விடுதியில் அந்த 4 பென்ஸ் இல்லாமல் வெளியே அனுப்பப்பட்டவர்.

• • •

மேலே சமையலறை பற்றிச் சொன்னது சரி. ஆனால் 'வாடகைக்கு ஓர் அறை எடுத்திருக்கலாமே' என்று கேட்பவர்களுக்குக் கணக்கைக் காட்ட வேண்டும். அன்று 12 பென்ஸ் ஒரு ஷில்லிங். 1889-இல் கப்பல்துறைத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தத்துக்கு முன் அங்கே அன்றாடக் கூலிக்கு மணிக்கு 5 பென்ஸ். காலையில் வாசலில் கூட்டத்தோடு நின்று, ஆள் எடுப்பவர் கண்ணில் பட்டால்தான் வேலை. அதுவும் இரண்டே மணி நேரத்தில் முடிந்துவிடலாம். கையில் 10 பென்ஸ்: படுக்கைக்கு 4 போக, சாப்பாடு, புகையிலை, மறுநாள் எல்லாவற்றுக்கும் 6. அறை எடுத்தால் வார வாடகை மொத்தமாக வேண்டும்; கட்டில், கெட்டில், கரி என்று கைக்காசு வேண்டும். நாளுக்கு நாள் பிழைப்பவரிடம் அது ஏது?

வாரக் கணக்கில் பார்த்தால் விடுதி மலிவே இல்லை. ஏழு இரவுக்கு 2 ஷில்லிங் 4 பென்ஸ். பல விடுதிகளில் ஆறு இரவு கொடுத்தவருக்கு ஞாயிறு இலவசம், அப்போது சரியாக 2 ஷில்லிங். வேலைநிறுத்தம் வென்றபின் மணிக்கு 6 பென்ஸும், குறைந்தது நாலு மணி நேரக் கூலியும் உறுதியாயின. அதுவும் அதே 2 ஷில்லிங்தான். ஒரு நாள் வேலை கிடைத்தாலே ஒரு வாரப் படுக்கைக்கு ஆயிற்று.

• • •

படுக்கை அறை விஷயம் சொல்கிறேன். முதல் பாடம் பூட்ஸ். கழற்றிக் கட்டிலுக்குக் கீழே வைத்தால் காலையில் இருக்காது. கட்டில் காலைத் தூக்கி பூட்ஸுக்குள் இறக்கிவிட்டுப் படுப்பார்கள். உருவ வேண்டுமென்றால் ஆளோடு கட்டிலைத் தூக்க வேண்டும். சட்டையும் கால்சட்டையும் மெத்தைக்கு அடியில் போகும். திருட்டு பயம் விடுதிக்காரருக்கும் உண்டு: சில இடங்களில் படுக்கை விரிப்பிலேயே 'இன்ன விடுதியில் திருடியது' என்று முத்திரை குத்தியிருப்பார்கள். அடகுக்கடைக்குப் போனால் துணியே காட்டிக்கொடுக்கும்!

1851 சட்டப்படி விடுதியைப் பதிவு செய்ய வேண்டும். தொற்றுநோய் வந்தால் தெரிவிக்க வேண்டும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் முதல் வாரம் சுவருக்கும் கூரைக்கும் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். எத்தனை பேர் படுக்கலாம் என்ற அட்டை அறையில் தொங்கும். லண்டனில் 8 அடி உயர அறையென்றால் ஆளுக்கு 30 சதுர அடி என்ற அளவு. கட்டில் போட்டபின் பக்கத்தில் கால் வைக்கத்தான் இடம் மிஞ்சும், பார்த்துக்கொள்ளுங்கள். 1894 வரை சோதனைக்கு வந்தது போலீஸ், பிறகு லண்டன் கவுண்டி கவுன்சில் என்ற நகர நிர்வாக அமைப்பு.

மூட்டைப்பூச்சி ஏன் ஒழியவில்லை? சுண்ணாம்பு சுவரின் மேல்பரப்போடு நின்றுவிடும். பூச்சி இருப்பது மரச் சட்டத்தின் பொருத்துகளில், பலகைத் தடுப்பின் விரிசலில், மெத்தைத் தையலில். இரும்புக் கட்டில் வந்தபின் ஒரு பங்கு குறைந்தது, அவ்வளவே. ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்ன விதியைக் குளிர் தாங்காமல் தங்கியவர்களே சாத்தித் தோற்கடித்தார்கள்.

• • •

ஒரு சின்னத் திருத்தம். 4 பென்ஸ் எங்கும் ஒரே விலை இல்லை. 3-ம் உண்டு, 6-ம் உண்டு. 6 பென்ஸுக்குப் பேர்போனவை ரௌட்டன் பிரபுவின் விடுதிகள். முதலாவது வாக்ஸ்ஹாலில் 1892 டிசம்பர் 31 அன்று திறந்தது. ஆளுக்கொரு தடுப்பறை, வாசிப்பறை, கால் கழுவும் தொட்டி, பொருள் வைக்கப் பூட்டுப் பெட்டி, தானே சமைத்துக்கொள்ள அடுப்பு. தடுப்பு கூரையைத் தொடாது. பக்கத்து ஆள் இருமினால் தூக்கம் போகும். பகலில் மாடியைப் பூட்டிவிடுவார்கள், நினைத்த நேரத்தில் படுக்க முடியாது. ஆனால் சுவரில் வழவழப்பான மெருகுச் செங்கல், கழுவினால் போதும், சுண்ணாம்பே வேண்டாம்.

சால்வேஷன் ஆர்மி என்ற கிறிஸ்தவத் தொண்டு அமைப்பு 1888 முதல் நடத்திய புகலிடங்களை இதோடு சேர்க்காதீர்கள். அங்கே ஒரு பென்னிக்கு பெஞ்சில் உட்கார மட்டும். இன்னும் கொஞ்சம் கொடுத்தால் சவப்பெட்டி போன்ற மரப்பெட்டியில் படுக்கை. மெத்தைக்கு மெழுகுத்துணி உறை, காலையில் துடைத்துவிட்டு அடுத்த ஆளுக்குத் தயார்.