புதுப்பிப்பு: அப்பா விடிகாலை 3 மணிக்கே விழித்துக்கொள்வது பற்றி

மாங்காய் சீசன் முடிந்ததிலிருந்து அப்பா 3 மணிக்கே எழுந்து திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார், சோறும் இறங்கவில்லை என்று ஆடியில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நடைப்பயிற்சி எடுபடவில்லை (நாளெல்லாம் தோப்பில் நடக்கிற ஆள்!). பலித்தது 14416-க்கு போன் செய்யச் சொன்ன யோசனைதான். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசினார்கள். முதல் நாள் "எனக்கென்ன பைத்தியமா?" என்று எழுந்து போனவர், மூன்றாம் நாள் போனை வாங்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போய் அரை மணி நேரம் பேசினார்.

அவர்கள் சொன்னபடி கிருஷ்ணகிரியில் மனநல மருத்துவரைப் பார்த்தோம். எதிர்பாராதது, ரத்தப் பரிசோதனையில் தைராய்டும் குறைவு. சோர்வுக்கு அதுவும் காரணமாக இருக்கலாமாம். மனதுக்கும் தைராய்டுக்கும் மாத்திரை. ஆறு வாரமாகிறது, இப்போது 5 மணி வரை தூங்குகிறார். நேற்று களி இன்னொரு உருண்டை கேட்டார். திண்ணை மட்டும் மாறவில்லை, சாயங்காலம் அங்கேதான்.