முற்றத்தில் விழுகிற கட்டைத் துண்டு, காகித வட்டம், கருப்பு மணி: எந்த மரம்?

வேலியோரம்:
தாம்பரம் பக்கம் வீடு. பின்பக்கக் காலிமனையில் உயரமான மரங்கள் நாலைந்து நிற்கின்றன. முற்றத்தில் மூன்று விதமாகக் குப்பை விழுகிறது.
1. மாசியிலிருந்து படகு மாதிரி வளைந்த பழுப்புக் கட்டைத் துண்டுகள், 12 செ.மீ. நீளம். கூடவே ஒரு பக்கம் மட்டும் இறக்கை வைத்த விதைகள்.
2. சித்திரை பிறந்ததும் நடுவில் விதையோடு காகிதம் போன்ற வட்டங்கள். கூரைக்குழாய் முழுக்க இதுதான்.
3. நந்தியாவட்டைச் செடியடியில் மிளகைவிடச் சற்று நீளமான கருப்பு விதைகள்.
எது எந்த மரத்துடையது? மழைக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும்?

கூட்டிலை:
முதலாவது மஹோகனி. காய் முற்றிக் காய்ந்ததும் காம்புப் பக்கமிருந்து ஐந்தாகப் பிளக்கும். நீங்கள் பொறுக்குவது அந்த வெளி ஓடு. உறுதி செய்ய நடுத்தண்டைத் தேடுங்கள்: ஐந்து விளிம்புள்ள கட்டை, விதைகள் ஒட்டியிருந்த தழும்போடு இருக்கும். ஓடு விழுந்த பிறகும் அது சில நாள் காம்பிலேயே தொங்கும் என்பதால் கடைசியில்தான் கிடைக்கும். 12 செ.மீ. ஓடு என்றால் பெரிய இலை மஹோகனி. சிறிய இலை வகையில் காயே 10 செ.மீ. தாண்டுவது அபூர்வம். இலையையும் பாருங்கள். வேம்பின் குடும்பம்தான், ஆனால் சிற்றிலை விளிம்பில் பல் கிடையாது, நுனியில் தனி இலையும் இருக்காது.
ஓடு லேசில் மட்காது. உரக்குழியில் போடாமல் செடிகளைச் சுற்றி மூடாக்காகப் பரப்புங்கள்.

நாற்றுப்பாத்தி:
இரண்டாவது வேங்கையாக இருக்கலாம், அதன் காயும் வட்ட இறக்கைதான். அளந்து சொல்லுங்கள். வேங்கை 4, 5 செ.மீ. அகலம் வரும். நடுப்பகுதி கட்டையாகப் புடைத்திருக்கும், நகத்தால் கீற முடியாது.

வேலியோரம்:
அளந்தேன், 2.5 செ.மீ.தான். நடுவிலும் மெலிசு, விரலில் தேய்த்தால் நொறுங்குகிறது. மேல் நுனியில் சின்ன வெட்டு, அதன் இரு பக்கமும் முடி போல ஒவ்வொரு கொம்பு.
இன்னொன்று. மஹோகனி விதை சர்க்கரை நோய்க்கு நல்லது என்று அத்தை எடுத்து வைத்திருக்கிறார். சாப்பிடலாமா?

கூட்டிலை:
அந்த வெட்டும் இரட்டைக் கொம்பும் சொல்லிவிட்டன. ஆயா மரம், ஆவிமரம் என்றும் சொல்வார்கள். இலையில்லாத கிளைகளில் காய் பச்சையாகக் கொத்துக்கொத்தாய் நிற்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் புதுத் துளிர் என்றே தோன்றும். இலையைக் கசக்கினால் நாற்றமடிக்கும். காற்றில் வெகுதூரம் போகிற காய், மரம் உங்கள் காலிமனையில் இல்லாமல் அடுத்த தெருவிலும் இருக்கலாம்.
மூன்றில் உங்களுக்கு உண்மையான தொல்லை இதுதான். நனைந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக் குழாய் வாயை அடைத்துவிடும். காய்ந்திருக்கும்போதே கையால் அள்ளுங்கள். தண்ணீர் அடித்துத் தள்ளினால் வளைவில் போய்ச் சிக்கும். குழாய் வாயில் கம்பி வலை வைத்துக் காய் விழும் காலம் முழுக்க வாரம் ஒருமுறை துடையுங்கள். சுவர் விரிசலில் விழுந்தது முதல் மழையிலேயே முளைக்கும். நாலு இலை விடுவதற்குள் வேரோடு பிடுங்குங்கள். தாமதித்தால் மேலே ஒடிந்து வேர் உள்ளேயே தங்கிவிடும், திரும்பத் துளிர்க்கும்.

புழுப்பார்வை:
மூன்றாவது விதையே இல்லை, புழுவின் எச்சம். ஒன்றை எடுத்துப் பக்கவாட்டில் பாருங்கள், பீப்பாய் வடிவில் நீளவாக்கில் ஆறு பள்ளம் தெரியும். வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் போட்டு வையுங்கள். விதையானால் தோல் அப்படியே இருக்கும். எச்சமானால் இளகி நீர் பச்சையும் பழுப்புமாகக் கலங்கும்.
நந்தியாவட்டையில் இந்த அளவு எச்சம் என்றால் அரளி ஹாக் அந்துப்பூச்சியின் புழுவாகத்தான் இருக்கும். பச்சை உடம்பு, தலைக்குப் பின்னால் நீலமும் வெள்ளையுமாக இரண்டு கண்பொட்டு, வாலில் சிறு கொம்பு, முற்றினால் 7 செ.மீ. இலையின் நிறமே என்பதால் கண்ணில் படாது. செடியடியில் வெள்ளைத் தாள் விரித்து ஒரு மணி நேரம் விடுங்கள். எச்சம் விழுந்த இடத்துக்கு நேர் மேலே தேடினால் அகப்படும். மருந்து வேண்டாம். மூன்று நாலு புழு வளர்ந்த செடியை ஒன்றும் செய்யாது, இலை திரும்ப வந்துவிடும். சின்னச் செடியானால் புழுவைக் குச்சியில் ஏற்றி வேறு நந்தியாவட்டையில் விடுங்கள். அழகான பூச்சி, பிழைக்கட்டும்.

நாற்றுப்பாத்தி:
அளவு பார்த்ததும் வேங்கை இல்லை என்று தெரிகிறது, கூட்டிலை சொன்னது சரி.
அத்தையிடம் உடனே சொல்லுங்கள், அந்த விதையைச் சாப்பிட வேண்டாம். 'சர்க்கரை பாதாம்' என்று விற்பது இதைத்தான். தின்றவர்களுக்குக் கல்லீரலும் சிறுநீரகமும் பாதிக்கப்பட்டதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. சர்க்கரைக்கு ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் என்றால் சர்க்கரை சட்டென்று இறங்கும் ஆபத்தும் இருக்கிறது. ஏற்கெனவே சாப்பிட்டிருந்தால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது விதையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். குமட்டலோ, சிறுநீர் குறைவதோ, கண் மஞ்சளாவதோ தெரிந்தால் அதுவரை காத்திருக்காமல் அன்றே போக வேண்டும்.