மஞ்சளும் நீலமும் கலந்தால் சாம்பல் வருகிறது: உதவி தேவை

உப்புவெளியான்: வணக்கம். திருகோணமலைக்கு அருகிலுள்ள கொட்டியாரக் குடாவின் ஆழத்தைக் காட்டும் வரைபடம் ஒன்றை இணையப் பக்கத்துக்காகச் செய்துவருகிறேன். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் 0 முதல் 255 வரையான எண்களாக, கரையோர மணலுக்கு மஞ்சள் (255, 255, 0), குடாவின் ஆழத்துக்கு நீலம் (0, 0, 255) என வைத்து, இடைப்பட்ட நிறங்களை நிற லைப்ரரியின் (நிறக் கணக்குகளுக்கான ஆயத்த நிரல்தொகுப்பின்) கலக்கும் கட்டளையிடம் விட்டேன். மூதூர்க் கரையோரம் வெளிர்நீலமாக வரும் என்று பார்த்தால், சரிபாதியில் (128, 128, 128) வந்து, மகாவலி ஆறு சாம்பலைக் கொண்டுவந்து கொட்டியதுபோலக் கிடக்கிறது. பிழை என் நிரலிலா, லைப்ரரியிலா?

திரைச்சீலை: நீங்கள் தந்தவை எஸ்ஆர்ஜிபி (sRGB) எண்கள், அதாவது திரைகளுக்கான வழக்கமான நிற முறையின் எண்கள். அவை ஒளியின் அளவுகள் அல்ல, வளைகோடு ஒன்றின் வழியாகச் சுருக்கப்பட்டவை. அவற்றை நேரியல் ஒளிக்கு, அதாவது உண்மையான ஒளி அளவுகளுக்கு மாற்றிக் கலந்து, பிறகு திருப்பி மாற்றிப் பாருங்கள்.

உப்புவெளியான்: செய்து பார்த்தேன் ஐயா. (188, 188, 188) வருகிறது. சாம்பல் வெளுத்ததே தவிர, சாம்பலாகவே இருக்கிறது.

தூரிகை: தம்பி, உங்கள் நிரலிலும் பிழை இல்லை, லைப்ரரியிலும் பிழை இல்லை. மஞ்சள் ஒளியில் சிவப்பும் பச்சையும் நிறைந்திருக்க, நீலம் மட்டும் இல்லை. நீலத்தைச் சரிபாதியாகச் சேர்த்தால் மூன்றும் சமமாகி நிறம் அழிந்துவிடுகிறது. கோயில் சுவருக்கு வர்ணம் குழைக்கும்போது பச்சை வருவது, சாயங்கள் ஒளியை உறிஞ்சுவதால். திரைக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. உங்களுக்கு வேண்டியது கண்ணுக்குச் சீராகத் தோன்றும் மாற்றம். 2020இல் பியோர்ன் ஒட்டோசன் வெளியிட்ட ஓகேலாப் (Oklab) என்ற, கண்ணுக்குத் தோன்றும்படி நிறங்களை அளக்கும் நிறவெளியில் கலந்தால் நடுநிறம் ஏறத்தாழ (108, 171, 199) ஆக வரும். அதே வெளியை நிறச் சக்கரத்தின் கோணமாக எழுதி, அந்தக் கோணத்தைச் சுற்றிச் செல்லும் ஓகேஎல்சிஎச் (OKLCH) முறை இன்னும் பளிச்சென்று பச்சைநீலம் வழியாகப் போகும், ஆனால் அந்த நடுநிறம் எஸ்ஆர்ஜிபி காட்டக்கூடிய நிறங்களின் எல்லைக்குள் அடங்காது. எண்களை 0க்கும் 255க்கும் இடையில் வெறுமனே வெட்டினால் நிறம் திரிந்துவிடும். நிறச்செறிவைக் குறைத்து எல்லைக்குள் கொண்டுவரும் வசதி உங்கள் லைப்ரரியில் இருந்தால் மட்டும் அதைத் தொடுங்கள்.

உப்புவெளியான்: ஓகேலாப் போதும். நீங்கள் சொன்ன எண்களே வந்தன. மூதூர்க் கரையும் இப்போது தண்ணீராகத் தெரிகிறது. ஆனால் ஓரத்தில் உள்ள நிற அளவுகோலின் நடுப்பகுதி இன்னமும் சாம்பலாக நிற்கிறது.

தூரிகை: அதைத் தனியாக இரு நிறச் சாய்வாக வரைந்திருப்பீர்கள். படத்துக்குக் கலந்த அதே கட்டளையால் பதினைந்து, இருபது நிறங்களை எடுத்து, அவற்றையே அளவுகோலிலும் வரிசையாக நிரப்புங்கள்.

உப்புவெளியான்: அதுதான் காரணம். சரியாகிவிட்டது, நன்றி அண்ணா.