கிளட்ச் கட் ஆகலைன்னா ஆயில் மட்டும்தான் காரணமா?

பல்சக்கரம்_பெரம்பூர்:
மெட்ராஸ்_மைலேஜ் அண்ணன் நேத்து ஒரு தீர்ப்பு எழுதியிருக்கார். ட்ரயல்ஸ் வண்டில (கால் ஊனாம பாறை ஏறிக் காட்டற போட்டிக்கான பைக்) கிளட்சை முழுசா பிடிச்சும் வண்டி ஊர்ந்தா, கியர்பாக்ஸ் ஆயிலை வடிச்சுட்டு ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கான மெல்லிசான ஆயில்) ஊத்தணுமாம், கிளட்ச் பிளேட்டைத் தொடவே கூடாதாம். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. என்னுது இறக்குமதி டூ-ஸ்ட்ரோக். அதுல ஓடுறதே ஏடிஎஃப்தான். அப்பவும் நியூட்ரல் விழல. கவரைக் கழட்டினா, கிளட்ச் பிளேட்ல ஒட்டியிருக்கற கார்க் துண்டு ஒவ்வொண்ணோட ஓரத்துலயும் கோந்து பிதுங்கி நிக்குது. அழுத்தி ஒட்டும்போது வெளிய வந்த பசை. அது ஸ்டீல் பிளேட்டைப் பிடிச்சுக்கிட்டு விடமாட்டேங்குது. சுரண்டி எடுத்தேன். இப்போ ஒத்தை விரல்ல கட் ஆகுது.

மெட்ராஸ்_மைலேஜ்:
"முதல்ல ஆயிலைப் பாரு"ன்னுதான் எழுதினேன். கண்ணாடி போட்டுக்கிட்டுப் படிங்க. 50 கிரேடு ஆயிலோட கெட்டித்தன்மை 100 டிகிரி சூட்டுலயே 16 சென்டிஸ்டோக்குக்கு மேல. ஏடிஎஃப் அதுல பாதிகூட வராது. கெட்டி ஆயில் பிளேட்டுக்கு நடுவுல நின்னா இழுக்காம என்ன செய்யும்? அதுக்குப் போய் கத்தியை எடுத்து கார்க்கைச் சுரண்டுவானேன்?

பல்சக்கரம்_பெரம்பூர்:
கார்க்கை யாரு சுரண்டச் சொன்னா? கோந்தை! கண்ணாடி யாருக்கு வேணும்னு இப்பத் தெரியுது.

குவாரிப்பையன்:
அண்ணே, ஒரு சந்தேகம். ஆயில் கெட்டியாகறது குளிர்லதானே? நம்ம ஊர்ல மார்கழி விடியல்லயே பெருசா குளிராது. ஆயில்தான் காரணம்னா சென்னைல யாருக்கும் இந்தத் தொல்லை வரக்கூடாதே?

பல்சக்கரம்_பெரம்பூர்:
தம்பிக்குப் புரியுது, அண்ணனுக்குப் புரியல. ராத்திரி முழுக்க நின்ன வண்டி, முதல் கியர் தட்டினதும் குதிக்குதா? கோந்து. எஞ்சின் நல்லா சூடானப்புறமும் இழுக்குதா? கோந்து. செக்ஷன்ல (போட்டியில கால் ஊனாம கடக்க வேண்டிய பகுதி) பாறை மேல அசையாம நிக்கப் பார்க்கும்போது வண்டி தானா முன்னால போய், கால் ஊனி 1 பாயிண்ட் அபராதம் வாங்கறீங்களா? அதுவும் கோந்து.

மெட்ராஸ்_மைலேஜ்:
வீட்ல சாம்பார்ல உப்பு கூடினாலும் கோந்துதானா சார்?

திருவொற்றியூர்_தாத்தா:
புல்லட் ஓட்டினா இந்த வம்பே இல்ல. 1952லயும் 1957லயும் ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரயல்ஸ்ல ஜானி பிரிட்டன் ஜெயிச்சது எங்க ஊரு புல்லட்டுல. வெளிநாட்டு மோகம் பிடிச்சவங்களுக்கு எங்க தெரியப்போகுது!

பல்சக்கரம்_பெரம்பூர்:
ஐயா, மெட்ராஸ்ல என்ஃபீல்டு இந்தியா தொடங்கினதே 1955ல. 1952ல ஜெயிச்ச வண்டி எப்படி உங்க ஊரு வண்டி ஆச்சு? அது இங்கிலாந்துல ரெட்டிச்சுல செஞ்சது. 2019ல இங்க வந்த புல்லட் ட்ரயல்ஸ் 180 கிலோவுக்கு மேல. என்னுது 70 கிலோ சுமாருக்கு இருக்கும். அந்த புல்லட்டைத் தூக்கிக்கிட்டு பல்லாவரம் பக்கம் பாறை ஏறிக் காட்டுங்க, பார்ப்போம். இன்னொண்ணு, அந்த எஞ்சின்ல கிளட்சுக்கும் எஞ்சினுக்கும் ஒரே ஆயில். மைலேஜ் அண்ணன் பேச்சைக் கேட்டு ஏடிஎஃப் ஊத்தினா எஞ்சின் காலி.

மெட்ராஸ்_மைலேஜ்:
புல்லட்டுக்கு ஏடிஎஃப் ஊத்தச் சொன்னேனா? எங்கய்யா சொன்னேன்? போன வருஷம் இங்க கார்புரேட்டர் பத்தி ஓடின விவாதத் திரிலயும் இப்படித்தான், நான் சொல்லாததை என் வாயில திணிச்சீங்க.

அடையார்_அமைதி:
கிளட்ச் லீவரை ஆயில் அழுத்தத்தால வேலை செய்ய வைக்கற ஹைட்ராலிக்கை ரெண்டு பேருமே மறந்துட்டீங்க. லைன்ல காத்து இருந்தா பிளேட் பாதிதான் விலகும். சிரிஞ்சால கீழ ஸ்லேவ் (கிளட்சைத் தள்ளற சிலிண்டர்) பக்கத்துலேருந்து ஆயிலை மேல தள்ளினா காத்து சீக்கிரம் வெளியேறும். அதுக்கு முன்னாடி லீவர்கிட்ட இருக்கற மாஸ்டர் சிலிண்டர் மூடியைப் படிங்க. மினரல் ஆயில் கேக்கற இடத்துல டாட் 4 பிரேக் ஆயில் ஊத்தினா சீல் போச்சு.

பல்சக்கரம்_பெரம்பூர்:
காத்து இருந்தா லீவர் மெத்துமெத்துன்னு இருக்கும். என்னுது அப்படி இல்லவே இல்ல. அதனால கோந்துதான். செய்யறவங்களுக்காக எழுதறேன், பேசறவங்க தாண்டிப் போகலாம். பிளேட்டு எந்த வரிசையில வருதுன்னு போட்டோ எடுத்து வச்சுக்குங்க. கார்க் துண்டுக்கு நடுவுலயும் ஓரத்துலயும் இருக்கற பசையை பிளேடால மெதுவா எடுங்க, கார்க் முனை பெயரக்கூடாது. ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல வச்சு ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கற மெல்லிசான தகடு) நுழைச்சுப் பாருங்க. கோணியிருந்தா மாத்தணும். பிளேட்டுகளைத் தாங்கற கிண்ணமான கிளட்ச் பேஸ்கட்டோட விரல்கள்ல பள்ளம் விழுந்திருந்தா லேசா அரம் போடுங்க. ஆழமா இருந்தா பேஸ்கட்டே போச்சு, அரத்தை வச்சு ஏமாத்தாதீங்க. மாட்டறதுக்கு முன்னாடி கார்க் பிளேட்டை ராத்திரி பூரா ஆயில்ல ஊறப் போடுங்க.

மெட்ராஸ்_மைலேஜ்:
எந்த ஆயில்ல? சொல்லுங்க சார். ஏடிஎஃப்லதானே ஊறப்போட்டீங்க? பழசை வடிச்சுட்டு புதுசுதானே ஊத்தினீங்க? அப்போ சரியானது ஆயிலாலயா, கோந்தாலயா?

பல்சக்கரம்_பெரம்பூர்:
முன்னாடி ஓடினதும் அதே ஏடிஎஃப்தான்னு முதல் பதிவுலயே எழுதியாச்சு.

குவாரிப்பையன்:
அண்ணே, இந்த பிளேட் செட் புதுப்பேட்டைல கிடைக்குமா?

திருவொற்றியூர்_தாத்தா:
ரெட்டிச்சு மூடி எத்தனை வருஷமாச்சு? இன்னிக்கும் புல்லட் ஓடுறது யாரால? எங்க ஊராலதானே? அப்போ 1952உம் எங்க கணக்குலதான்.

மெட்ராஸ்_மைலேஜ்:
தம்பி, புதுப்பேட்டைல ட்ரயல்ஸ் பிளேட் தேடி அலையாதே. ஏடிஎஃப் ஒரு லிட்டர் வாங்கிப் பாரு.

பல்சக்கரம்_பெரம்பூர்:
புது பிளேட் வாங்கினாலும் அதுலயும் கோந்து இருக்கும், எழுதி வச்சுக்கோ தம்பி. மைலேஜ் அண்ணே, கார்புரேட்டர் திரியை நீங்களே இழுத்தீங்க. அதைத் தோண்டி எடுத்துட்டு வர்றேன். மெயின் ஜெட் விஷயத்துல யாரு என்ன சொன்னாங்கன்னு இங்கயே எல்லாரும் படிக்கட்டும்.

மெட்ராஸ்_மைலேஜ்:
எடுத்துட்டு வாங்க. நீங்க அழிச்ச பதிவோட ஸ்கிரீன்ஷாட் என்கிட்ட இருக்கு.